பக்கத்து வீட்டுப் பெரியவரின் மூன்று சக்கர மெஸ்ஸர்ஷ்மிட் பின்னால் போக மறுக்கிறது

டானூப்கரை எழுதியது:

வணக்கம். நான் ஈரோட்டுக்காரன். நான்கு வருஷமாக ஜெர்மனியில் ரேகன்ஸ்புர்க் ஊரில் வேலை. பெட்ரோல் போட்டால் வண்டி ஓடும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாகக் கராஜ்கள் இருக்கின்றன. கடைசிக் கராஜ் கீழ்வீட்டுப் பெரியவருடையது. அவருக்கு எழுபத்தொன்பது வயது. போன மாதம் அவருக்கு மருந்துக்கடையிலிருந்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அதற்குக் கைம்மாறு போல ஒரு நாள் கூப்பிட்டுக் கராஜைத் திறந்து காட்டினார். உள்ளே பழைய படுக்கை விரிப்பு போர்த்தி ஏதோ ஒன்று நின்றது. கட்டிலைப் போர்த்தி வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். விரிப்பை எடுத்தால் மீன் போல ஒரு வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. மேலே கண்ணாடிக் குமிழ். ஸ்கூட்டரில் உட்காருகிற மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சீட்டு. மூக்கில் ‘மெஸ்ஸர்ஷ்மிட்’ என்று எழுதியிருந்தது. வாசலைப் பார்த்தபடி நின்றதால் அந்த மூக்குதான் முதலில் கண்ணில் பட்டது.

“முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, ஏறி இறங்க முடியவில்லை, உனக்கு வேண்டுமா?” என்று கேட்டார். விலை சொல்லவில்லை. முதலில் பழகிப் பார் என்றார்.

அன்று ராத்திரி முழுக்க அதைப் பற்றியே படித்தேன். இதன் பெயர் கேஆர் 200, 1955 முதல் 1964 வரை வந்தது, முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டேன். ரிவர்ஸ் கியர் என்று தனியாக ஒன்று கிடையாதாம். எஞ்சினை அணைத்து, சாவியை இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தித் திருப்பினால் எஞ்சினே தலைகீழாகச் சுற்றுமாம். முன்னால் நாலு கியர் என்றால் பின்னாலும் நாலு கியர்! இதைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது.

சனிக்கிழமை அவரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். சாவியை அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. என்ன செய்கிறாய் என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, “இது பின்னால் போகாது” என்றார். அப்புறம் ஏதோ நீளமாகச் சொன்னார், அவருடைய பவேரியப் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். ஸ்டார்ட்டரும் கெட்டுப்போயிருக்கும் போல. ஒரு கைப்பிடியைச் சர்ரென்று இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்பிக் காட்டினார். மூன்றாவது இழுப்பில் கிளம்பி, கராஜ் முழுக்கப் புகை.

ரிவர்ஸ் வேலை செய்யாதது பெரிய செலவா? மெஸ்ஸர்ஷ்மிட் முன்பு போர் விமானம் செய்த கம்பெனியாமே, அந்தக் குமிழ் போர் விமானத்தில் மிஞ்சிய கண்ணாடியா? பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள், பாதிப் பேர் இல்லை என்கிறார்கள். கடைசியாக, வாங்கலாமா? என் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து, என் சீட்டுக்கு இரண்டு பக்கமும் காலை நீட்டிப் பார்த்துவிட்டு, “இதில் கோபித்துக்கொண்டு தள்ளி உட்காரக்கூட முடியாது” என்றாள். அது சம்மதமா மறுப்பா என்று இன்னும் தெரியவில்லை.

லாம்பி 150 எழுதியது:

தம்பி, கவலையே வேண்டாம். திருப்பூரில் நாற்பது வருஷமாக லாம்பிரெட்டா ஓட்டுகிறேன், டூ ஸ்ட்ரோக் எனக்குத் தாய்மொழி மாதிரி.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்ற அக்கறையே கிடையாது. இதில் வால்வு இல்லை. பிஸ்டன்தான் ஏறி இறங்கி ஓட்டைகளைத் திறந்து மூடுகிறது. எந்தப் பக்கம் சுற்றினாலும் பிஸ்டனுக்கு ஏற்றமும் இறக்கமும் ஒன்றுதான். தீப்பொறி விழும் நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும், தலைகீழாகவும் ஜம்மென்று ஓடும். என் வண்டியே ஒரு நாள் உதை சரியாக விழாமல் எதிர்ப்பக்கம் கிளம்பிவிட்டது. எனக்குத் தெரியவில்லை. முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டேன், பின்னால் போய்ப் பால்காரர் சைக்கிளில் இடித்தது. கேஆர் 200 செய்தவர்கள் அதையே வசதியாக்கிவிட்டார்கள். ரிவர்ஸுக்கென்று தீப்பொறி நேரத்தைக் கொடுக்கிற இன்னொரு செட் கான்டாக்ட் பாயின்ட், இரண்டு பக்கமும் சுற்றக்கூடிய டைனாஸ்டார்ட் (ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒன்றானது), அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே உங்கள் வண்டியில் அந்த இரண்டாவது பாயின்ட் கறுத்துப்போயிருக்கும். மெல்லிய உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு தேயுங்கள். ஸ்டார்ட்டருக்கு கார்பன் பிரஷ் மாற்ற வேண்டியிருக்கும். இன்னொரு சந்தோஷமான சேதி: இதன் டயர் 4.00-8. நம்ம ஊர் ஆட்டோவுக்குப் போடுகிற அதே அளவு!

சின்ன வண்டி என்று கேலி செய்பவர்களுக்கு: 1955 ஆகஸ்டில் ஹாக்கன்ஹைம் பந்தயத் தடத்தில் ஒரு கேஆர் 200-ஐ 24 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினார்கள். சராசரி மணிக்கு 103 கிலோமீட்டர். யோசிக்காமல் வாங்குங்கள்.

பழையசில்லு எழுதியது:

தம்பி டானூப்கரை, உப்புத்தாள் எடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள். லாம்பி அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஆனால் அது வேறு வண்டிக்குச் சரி என்று நினைக்கிறேன்.

நான் சாவகச்சேரிப் பக்கம். 1985-ல் ஜேர்மனிக்கு வந்தேன். ஸ்ருட்கார்ட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் முப்பது வருடம் வேலை செய்தேன். எங்கள் முதலாளிக்கு இந்தச் சாமானில் பைத்தியம், மூன்று வைத்திருந்தார். ஹொக்கன்ஹைமில் ஓடியது சாதனைக்கென்றே செய்த தாழ்வான ஒற்றையாள் உடம்பு, மேலே குமிழே கிடையாது. அதைக் கராஜில் நிற்கிற வண்டியோடு ஒப்பிட ஏலாது. சரி, அதை விடுவோம்.

கயிறு இழுத்துக் கிளப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் எனக்குப் பொறி தட்டியது. பெரியவரைக் கேட்டு இரண்டு விஷயம் வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, முன் சில்லுக்கு மேலே உள்ள மட்காட்டில் சில்லு தெரிகிற மாதிரி வளைவாக வெட்டு இருக்கிறதா, அல்லது பாவாடை மாதிரி இறங்கி மூடியிருக்கிறதா? மற்றது, காலடியில் எத்தனை மிதி இருக்கிறது? மூன்றா, ஒன்றா? வண்டிப் புத்தகம் இருந்தால் அதில் போட்டிருக்கிற வருடத்தையும் பாருங்கள். சாவியை இனி அழுத்த வேண்டாம், பாவம் சாவி.

டானூப்கரை எழுதியது:

அண்ணா, பார்த்துவிட்டேன். மட்கார்டு மூடித்தான் இருக்கிறது, சக்கரம் அடியில் கொஞ்சம்தான் தெரிகிறது. மிதி ஒன்றே ஒன்றுதான், அது பிரேக். ஆக்சிலரேட்டரைத் தேடினேன். பெரியவர் என் கையைப் பிடித்து ஸ்டீயரிங் கம்பியின் நுனியில் வைத்து முறுக்கிக் காட்டினார், மொபெட் மாதிரி! கிளட்சும் கைக்குத்தான். புத்தகத்தில் 1954 என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்?

பழையசில்லு எழுதியது:

உங்கள் வண்டி கேஆர் 200 இல்லை, அதற்கு மூத்த கேஆர் 175. ஸ்ரார்ட்டர் கெட்டும் போகவில்லை. அந்த வண்டிக்குக் கயிறுதான் வழமையான ஏற்பாடு, மின் ஸ்ரார்ட்டர் வேண்டுமென்றால் மேலதிகமாகக் காசு கட்டி வாங்க வேண்டும். ரிவர்ஸும் கெட்டுப்போகவில்லை. அதில் ரிவர்ஸ் இல்லவே இல்லை. பெரியவர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். மூக்கை வெளியே பார்க்க வைத்து நிறுத்தியிருக்கிறார் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள். கவனிக்காமல் விட்டேன். ரிவர்ஸ் இல்லாத வண்டிக்காரனுடைய பழக்கம் அது. பின்பக்கமாகத் தள்ளி உள்ளே வைத்தால்தான் மறுநாள் நேராக வெளியே வரலாம்.

1953-ல் தொடங்கி 1955 வரை வந்தது. ஸாக்ஸ் கொம்பனியின் 173 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், 9 குதிரைவலு, மிஞ்சிப் போனால் மணிக்கு 80 கிலோமீற்றர். 1955-ல் வந்த 200-இல் 191 சிசி, 10 குதிரைவலு, கார் மாதிரி மூன்று மிதி, 90 வரை ஓடும். 175 புதிதாக 2,100 மார்க். அந்த நேரம் வண்டு மாதிரி இருக்கும் ஃபோல்க்ஸ்வாகன் வாங்க 4,000 மார்க்குக்குக் கிட்ட வேண்டும். மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவனுக்கு இடையில் இருந்த படி இதுதான். மூடின ஸ்கூட்டர் என்ற பொருளில்தான் ‘கபீனன்ரோலர்’ என்று பெயரே வைத்தார்கள். கேஆர் என்பது அதன் சுருக்கம். இதைக் காராக நினைத்தால் ஒவ்வொன்றும் குறையாகத் தெரியும். கூரை போட்ட மோட்டார் சைக்கிள் என்று நினைத்தால் ராசா வண்டி.

கைக்கே எல்லாம் கொடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. இதைச் செய்தவர் ஃபிரிட்ஸ் ஃபெண்ட் என்ற விமானப் பொறியியலாளர். யுத்தம் முடிந்த பிறகு 1948 அளவில் ரோஸன்ஹைம் ஊரில் ஒரு சின்ன மூன்று சில்லு வண்டி செய்யத் தொடங்கினார். காருக்காக இல்லை, யுத்தத்தில் கால் இழந்து வந்தவர்களுக்காக. ‘ஃபிளிட்ஸர்’ என்று பெயர். முதலில் கைப்பலத்தால் ஓடுவது, பிறகு சின்ன எஞ்சின் வைத்தது. வந்து கேட்டவர்களில் இரண்டு காலும் நல்லாயிருந்தவர்களும் நிறைய. அதைக் கண்டுதான் அடுத்ததை இரண்டு பேருக்குச் செய்ய யோசித்தார். கையில் காசில்லை. 1952-ல் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டிடம் போனார். தோற்ற நாட்டுக்கு விமானம் செய்யத் தடை, மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலை தையல் மெஷின் செய்து காலம் தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்கும் வேலை வேண்டும், இவருக்கும் இடம் வேண்டும். உங்கள் ஊரில்தான் தம்பி, ரேகன்ஸ்புர்க்கில்தான் அத்தனை வண்டியும் செய்தார்கள். உங்கள் பெரியவரின் வண்டி பிறந்த ஊரை விட்டு வேறெங்கும் போகவில்லை போலிருக்கிறது.

இனி அந்தக் குமிழ். மிச்சமான போர் விமானக் கண்ணாடி என்பது கராஜில் பியர் குடிக்கிற நேரம் சொல்லுகிற கதை. மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் படத்தை எடுத்துப் பாருங்கள். இரும்புச் சட்டத்தில் தட்டைக் கண்ணாடிகள் பூட்டிய பெட்டி மாதிரி இருக்கும், எங்கள் ஊர்க் கண்ணாடி அலுமாரி மாதிரி. உங்கள் வண்டியில் இருப்பது ஒரே வார்ப்பில் வளைத்த பிளெக்ஸிகிளாஸ், கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக். இரண்டுக்கும் ஒரு சம்பந்தம்தான் உண்டு: 109-இன் மூடியும் வலப்பக்கம் சாய்ந்துதான் திறக்கும், இதுவும் அப்படித்தான். ஊரில் சனம் அந்தக் குமிழைப் பார்த்து ‘பனி இளவரசியின் சவப்பெட்டி’ என்று பகிடி பண்ணினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தி வைத்த அந்தக் கதைப் பெண்தான். இன்னொரு பகிடிப் பெயரும் இருந்தது, ‘ஜெலிக்குள் மனுசன்’.

இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பட்டவன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். முதலாளி தன் வெள்ளை வண்டியைத் துடைத்து வை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். குமிழில் தார்ப்புள்ளிகள். நான் கெட்டித்தனமாகத் தின்னரை ஒரு துணியில் நனைத்து ஒற்றி ஒற்றித் துடைத்தேன். பளபளவென்று வந்தது, எனக்குப் பெருமை. அடுத்த நாள் காலை வெயில் பட்ட நேரம் பார்த்தால், துடைத்த இடம் முழுக்க மயிர் மயிராக வெடிப்பு, காய்ந்த குளத்துச் சேறு மாதிரி. கையால் தடவினால் ஒன்றும் தெரியாது, வெடிப்பு உள்ளுக்குள். முதலாளி வந்து பார்த்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. இரண்டு நாள் என்னோடு கதைக்கவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு வாளி தண்ணீர், மெல்லிய சவர்க்காரம், பருத்தித் துணி மூன்றையும் கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். பாடம் முடிந்தது. தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கவும் கூடாது, கீறும். ஜன்னல் துடைக்கிற ஸ்பிறேயும் கூடாது.

ஓட்டுகிற விஷயத்துக்கு வருவோம். ஸ்ரியரிங்குக்கு இடையில் கியர்ப் பெட்டி ஒன்றும் கிடையாது, கம்பியை அசைத்தால் சில்லு நேரே அசையும். சைக்கிள் ஹாண்டிலைவிடக் கூச்சம் கூடிய சாமான். முதல் நாள் ஓட்டும்போது எனக்குத் தும்மல் வந்தது. தும்மினேன். பக்கத்து லேனில் இருந்தேன். பின் சீட்டில் இருந்த முதலாளி என் தோளில் தட்டி, “இனி தும்முவதென்றால் நிறுத்திவிட்டுத் தும்மு” என்றார். வெயில் காலத்தில் குமிழுக்குள் புட்டு அவிக்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதென்றால் பாருங்கள்: தரைத் தகட்டைக் கீழே படுத்துப் பாருங்கள், பெயின்ற் மினுங்குதா என்று பார்க்காமல் விரலால் தட்டிப் பாருங்கள், துரு தின்ற இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும். பிறேக் எல்லாம் கேபிள். மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பெற்றோலில் ஒயில் கலந்துதான் ஊற்ற வேண்டும், 25-க்கு 1. மறந்து வெறும் பெற்றோல் ஊற்றினால் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும், பிறகு எங்களைப் போன்றவனுக்குத்தான் வருமானம். ரயரைப் பற்றி லாம்பி அண்ணை சொன்னது சரி. ஆனால் ஆட்டோ ரயரைப் போட்டுவிட்டு இங்கே சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள், அளவு ஒன்றென்றாலும் வேகத்துக்கும் பாரத்துக்கும் வேறு கணக்கு இருக்கிறது.

ஏலத்தில் பெரிய விலைக்குப் போகும் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். 2013-ல் அமெரிக்காவில் புரூஸ் வைனர் என்பவரின் சின்னக் கார் அருங்காட்சியகம் ஏலம் போன நேரம் 3,22,000 டொலருக்குப் போனது இதே தொழிற்சாலையில் பிறகு செய்த நாலு சில்லு ரீஜி 500 (Tg 500). அது 20 குதிரைவலு வேட்டை நாய், இது வீட்டுப் பூனை. வேறு இனம்.

லாம்பி 150 எழுதியது:

சரி சரி, தோற்றேன். கயிறு என்று அவர் எழுதியதை நான் படிக்கவே இல்லை, ரிவர்ஸ் என்றதும் பரபரப்பாகிவிட்டேன். பழையசில்லு ஐயாவுக்கு ஒரு கும்பிடு. பெங்களூரில் எழுபதுகளில் ‘பாதல்’ என்று மூன்று சக்கரக் கார் ஒன்று வந்தது, ஃபைபர் உடம்பு, 198 சிசி டூ ஸ்ட்ரோக். அது ரோட்டில் வந்தால் நாங்கள் ஓடிப்போய்ப் பார்ப்போம். அதைப் பற்றி இங்கே யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

ஏட்டுக்காரி எழுதியது:

நான் மியூனிக்கில் ஆவணக் காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வண்டி தெரியாது, ஆனால் அந்த மூக்கில் உள்ள பெயர் தெரியும். இழை அழகாகப் போகிறது, கெடுக்க விருப்பமில்லை. இருந்தாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

ரேகன்ஸ்புர்க் மெஸ்ஸர்ஷ்மிட் தொழிற்சாலை 109 போர் விமானங்கள் செய்த இடம். 1943 ஆகஸ்ட் 17-ல் அமெரிக்க விமானங்கள் அதன் மேல் குண்டு போட்டன. அந்த விமானத்தின் பாகங்களை ஃப்ளோஸன்பூர்க் வதைமுகாமில் கைதிகளை அடித்து வேலை வாங்கிச் செய்தார்கள். போருக்குப் பின் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் இரண்டு வருஷம் சிறையில் இருந்தார். 1948-ல் நாஜித் தொடர்பு பற்றிய விசாரணையில் ‘கூட்டத்தோடு போனவர்’ என்ற வகையில் சேர்த்து விட்டுவிட்டார்கள். 1956 வாக்கில் விமானம் செய்ய மறுபடி அனுமதி கிடைத்ததும் அவர் சின்ன வண்டியை விட்டு விலகினார். தொழிற்சாலையை ஃபெண்டும் வாலன்டீன் க்னாட் என்பவரும் வாங்கி எஃப்எம்ஆர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். டானூப்கரையின் வண்டி 1954 என்பதால் அதில் பழைய பெயரே இருக்கிறது. ஃபெண்ட் கால் இழந்தவர்களுக்கு வண்டி செய்ததும் உண்மை. அந்தக் கால்கள் எந்தப் போரில் போயின, அந்தப் போருக்கு விமானம் செய்தது யார் என்பதும் சேர்த்தே ஞாபகம் இருக்கட்டும்.

பழையசில்லு எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. நானும் குண்டு விழுகிற சத்தத்துக்கு ஓடிவந்தவன்தான். எங்கள் முதலாளி அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார், ‘சின்னவன்’ என்றுதான் சொல்லுவார். வண்டியைக் கழுவுகிற நேரம் மூக்கையும் நான்தான் கழுவினேன், அந்தப் பெயருக்குள் சேர்ந்த ஊத்தையையும் பல் துலக்குகிற பிரஷால் எடுத்தேன். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

டானூப்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி.

பழையசில்லு அண்ணா சொன்னபடி கராஜில் அட்டை விரித்துப் படுத்துத் தட்டிப் பார்த்தேன். இடது பக்கம் ஓரிடத்தில் சத்தம் மந்தமாகத்தான் இருந்தது. பெரியவரிடம் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார், உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். இங்கே எழுதியதை எல்லாம் என் மனைவி ஜெர்மனில் சொன்னாள், அவள் என்னைவிட நன்றாகப் பேசுவாள். கேஆர் 175 என்று கண்டுபிடித்ததைச் சொன்னபோது, “பின்னே, நான் வேறென்ன சொன்னேன்?” என்றார். அன்று நீளமாகச் சொன்னது அதைத்தானாம்.

ஃபெண்ட் கதைக்கு அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு படம் எடுத்து வந்தார். வண்டியில் அவர் அப்பா, குமிழ் திறந்திருக்கிறது, பின் சீட்டில் காது பெரிதாக ஒரு பையன். அப்பாவுக்கு இடது கால் முட்டிக்கு மேலே இல்லை, போரில் போனது. புதிது வந்தபோது எல்லோரும் மாற்றினார்கள், அப்பா மாற்றவில்லையாம். புதியதில் கிளட்சுக்கு மிதி வைத்துவிட்டார்கள், மிதிக்க அவரிடம் கால் இல்லை. இதில் கைக்கிளட்ச், வலது காலுக்கு ஒரு பிரேக். 1966 வரை இதையேதான் ஓட்டினார்.

ரிவர்ஸ் இல்லாமல் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். பெரியவர் படத்தில் இருந்த பையனை விரலால் தொட்டார். “ஞாயிற்றுக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு போனது ஊர் காட்ட என்று நினைத்தாயா?” என்றார்.

நேற்று நல்ல வெயில். அவரும் நானும் சேர்ந்து எண்ணெயை அளந்து கலந்து ஊற்றினோம், 25-க்கு 1. அவர் அளந்ததை நான் இன்னொரு தடவை அளந்தேன், அவருக்குக் கொஞ்சம் கோபம். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே முன்னால் ஏறினார், ஏற ஐந்து நிமிஷம் ஆனது. என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. அண்ணா, நீங்கள் சொன்ன புட்டு உண்மை, பத்து நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. டானூப் கரையோரமாக மெதுவாகப் போனோம், சைக்கிளில் வந்தவர்கள் எல்லாம் கையை ஆட்டினார்கள். அப்புறம் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் திருப்பினார். அந்தச் சந்தின் முடிவில் ஒரு வேலி, அதற்கப்பால் தண்ணீர். அங்கே வழி இல்லை என்று அறுபது வருஷமாக இந்த ஊரில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது.

வேலிக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். ஒன்றும் பேசவில்லை. குமிழை மட்டும் திறந்துவிட்டார்.

நான் இறங்கி, முன்னால் போய், இரண்டு கையையும் மூக்கில் வைத்துத் தள்ளினேன். நினைத்ததைவிட லேசாகத்தான் இருந்தது.